கிரீஸ் கடன் மீட்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலையில் பொருளாதாரப் பாடம் எடுக்கிறேன். அரசுக் கடன் பற்றிப் பேச ஆரம்பித்தாலே, 2010-ல் பழைய கடனைக் கட்ட வழியில்லாமல் மீட்புக் கடன் வாங்கிய கிரீஸ் வந்துவிடும், அதோடு அதே சந்தேகங்களும் வரும். அவற்றில் பாதி சந்தேகம் என்பதைவிடக் கசப்பு என்றுதான் சொல்ல வேண்டும். "எல்லாம் பேங்க்காரன் வேலை", "பேப்பர்ல வர்றதை நம்ப முடியுமா" என்கிற ரகம். அந்தக் கசப்பில் நியாயம் நிறையவே இருக்கிறது. எங்கே நியாயம், எங்கே இல்லை என்பதைக் கணக்கு வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். தொகைகள் எல்லாம் கோடி யூரோவில் இருக்கின்றன. 100 கோடி என்றால் ஒரு பில்லியன்.

ஒரு நாடு எப்படி சார் திவாலாகும்? நோட்டு அடிச்சுக் கட்டிட வேண்டியதுதானே?

சொந்த நாணயத்தில் கடன் வாங்கிய நாடு அப்படிச் செய்யலாம். விலைவாசி ஏறும், நாணயத்தின் மதிப்பு சரியும், ஆனாலும் கட்டிவிடலாம். கிரீஸால் அது முடியாது. 2001-ல் அது யூரோவுக்கு மாறிவிட்டது. யூரோவை வெளியிடுவது பற்றி முடிவெடுப்பது ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி. தன்னிச்சையாக அச்சடிக்க முடியாத பணத்தில் கடன் வாங்கிய நாடு கிரீஸ். இதை மறந்துவிட்டால் பின்னால் வருவது எதுவும் புரியாது.

எந்த அரசும் கடனை முழுசாக அடைத்து முடிப்பதில்லை. அரசு கடன் வாங்குவதே பத்திரம் விற்றுத்தான், அதாவது இந்தத் தேதியில் வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்ற உறுதிச் சீட்டு. பழைய பத்திரம் முதிரும்போது புதுப் பத்திரம் விற்று, அந்தப் பணத்தில் பழையதைக் கட்டும். நியாயமான வட்டிக்குப் பத்திரம் வாங்க ஆள் இருக்கும்வரை இது ஓடும். 2010 வசந்த காலத்தில் கிரீஸுக்கு ஆள் இல்லாமல் போனது.

கிரீஸ் அப்படி என்னதான் தப்பு பண்ணுச்சு?

நிறையப் பண்ணியது. 2009 அக்டோபரில் ஜார்ஜ் பாப்பாண்ட்ரேயு தலைமையில் பாசோக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்த ஆண்டின் பற்றாக்குறை (வரவைவிடச் செலவு மிஞ்சிய தொகை) ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், 6 சதவீதம் என்று முந்தைய அரசு சொல்லியிருந்தது. அது 12-க்கும் மேல் என்று புதிய அரசு அறிவித்தது. கடைசியில் திருத்தி எழுதிய கணக்கில் 15-ஐயும் தாண்டியது. அதற்கு முன்பே 2001-ல், கடனின் ஒரு பகுதி கணக்கில் தெரியாதபடி கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியோடு ஒரு நாணய மாற்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்.

வரி ஏய்ப்புக்கு ஒரு சின்ன உதாரணம் போதும். ஏதென்ஸின் வடக்குப் புறநகர்களில் பணக்காரர்கள் வசிக்கும் பகுதியில், வீட்டில் நீச்சல் குளம் இருப்பதாக வரிப் படிவத்தில் காட்டியவர்கள் 324 பேர். வரித்துறை செயற்கைக்கோள் படத்தை வைத்து எண்ணியபோது கிடைத்தது 16,974 குளங்கள்.

ஆனால் இந்தத் தவறுகளுக்குக் கூட்டாளிகள் உண்டு. கிரீஸ் ஜெர்மனியிடமிருந்து நீர்மூழ்கிக் கப்பல்கள் வாங்கியது. அந்த விற்பனைக்கு லஞ்சம் கொடுத்ததாக ஃபெரோஸ்டால் நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகளை 2011-ல் மியூனிக் நீதிமன்றம் தண்டித்தது. லஞ்ச வழக்கில் கிரீஸின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் அகிஸ் ட்சோஹாட்ஸோபுலோஸுக்கு 2013-ல் 20 ஆண்டு சிறை விதித்தார்கள். கடன் கொடுத்த வங்கிகளும் கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தன. யூரோ வந்த பிறகு பல ஆண்டுகள் கிரேக்கப் பத்திரத்துக்கும் ஜெர்மன் பத்திரத்துக்கும் வட்டி வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. ஆபத்தை எடைபோட்டுத்தான் வட்டி வாங்குகிறோம் என்பவர்கள் அந்த எடையைப் போடவே இல்லை.

மீட்பு நிதின்னா சும்மா குடுத்த பணமா?

இல்லை, கடன். 2010 ஏப்ரல் 23 அன்று காஸ்டெலோரிஸோ என்ற சின்னத் தீவின் துறைமுகத்தை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு பாப்பாண்ட்ரேயு தொலைக்காட்சியில் உதவி கேட்டார். மே மாதம் 11,000 கோடி யூரோவுக்கு முதல் ஒப்பந்தம் வந்தது. யூரோ நாடுகள் 8,000 கோடி, சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப். 3,000 கோடி என்று பங்கு, தொடக்கத்தில் வட்டி சுமார் 5 சதவீதம். 2012-ல் இரண்டாவது ஒப்பந்தம், 2015-ல் மூன்றாவது. மூன்றிலும் சேர்த்து 2018 ஆகஸ்ட் வரை உண்மையில் கைமாறிய தொகை கிட்டத்தட்ட 28,870 கோடி யூரோ.

ஒரேயடியாகக் கொடுத்துவிடவில்லை. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, ஐ.எம்.எஃப். ஆகிய மூன்றின் அதிகாரிகள் ஏதென்ஸுக்கு வந்து, சொன்னதைச் செய்தார்களா என்று பார்ப்பார்கள். ஓய்வூதியத்தைக் குறைத்தாயா, ஆட்களை நீக்கினாயா, எந்தச் சொத்தை விற்றாய்? திருப்தி என்றால்தான் அடுத்த தவணை. இந்த மூவர் அணியைத்தான் 'ட்ரொய்கா' என்றார்கள்.

அவ்ளோ பணம் வந்துச்சே, யார் கைக்குத்தான் போச்சு?

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெர்லினில் உள்ள ஈஎஸ்எம்டி என்ற மேலாண்மைக் கல்லூரி முதல் இரண்டு ஒப்பந்தங்களில் வந்த 21,590 கோடி யூரோவை வரி வரியாகப் பிரித்துப் பார்த்து, 2016-ல் வெளியிட்டது. பழைய கடனைத் திருப்பிக் கட்ட 8,690 கோடி போயிருக்கிறது. வட்டிக்கு 5,230 கோடி, கிரேக்க வங்கிகளுக்கு மறுமூலதனமாக (நஷ்டத்தில் கரைந்த சொந்தப் பணத்தை நிரப்ப) 3,730 கோடி. மீதியில் பெரும்பங்கு, அடுத்த பதிலில் வரும் 2012 பத்திர மாற்றத்துக்கு. அரசின் சொந்தச் செலவுக்கு, அதாவது சம்பளம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று போனது 970 கோடி. மொத்தத்தில் 5 சதவீதம்கூடத் தேறவில்லை.

இந்தக் கணக்கைப் போட்டது கிரேக்க இடதுசாரிகள் அல்ல, ஜெர்மன் தலைநகரில் இருக்கும் ஒரு வணிகக் கல்லூரி. அதனால்தான் இதை வகுப்பில் எப்போதும் எழுதிப் போடுகிறேன். 2010-ல் கிரீஸுக்கு அதிகம் கடன் கொடுத்திருந்த வெளிநாட்டு வங்கிகள் பிரெஞ்சு வங்கிகளும் ஜெர்மன் வங்கிகளும். கந்துவட்டிக்காரருக்கு அடைக்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நமக்குக் கடன் கொடுத்தால் காசு நம் வீட்டு வாசல் வழியே போகும், ஆனால் வீட்டுக்குள் வராது. கடன் மட்டும் நம் பெயரில் நிற்கும். கிரீஸுக்கு நடந்தது அதுதான். தனியார் வங்கிகள் பட வேண்டிய நஷ்டம், ஐரோப்பிய வரிகட்டுவோர் கொடுத்த கடனாக மாறிவிட்டது.

அப்போ கடன் குடுத்தவங்க யாருமே நஷ்டப்படலையா?

பட்டார்கள், ஆனால் தாமதமாக. 2012 மார்ச்சில் தனியார் கையில் இருந்த பத்திரங்களின் முகமதிப்பில் (பத்திரத்தில் எழுதியிருக்கும் அசல் தொகையில்) 53.5 சதவீதத்தை வெட்டினார்கள். 10,000 கோடி யூரோவுக்கு மேல் கடன் குறைந்தது. தாளில் பார்த்தால் வரலாற்றிலேயே பெரிய தள்ளுபடிகளில் ஒன்று. ஆனால் இடையில் இரண்டு வருஷம் கழிந்திருந்தது. அதற்குள் முதிர்ந்த பத்திரங்களுக்கு முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. விற்று வெளியேற நினைத்த வெளிநாட்டு வங்கிகளுக்கும் வழி கிடைத்தது.

மாட்டிக்கொண்டவர்களில் முக்கியமானவர்கள் கிரீஸுக்குள்ளேயே இருந்தார்கள். கிரேக்க வங்கிகள், கிரேக்க ஓய்வூதிய நிதிகள், சேமிப்பை அரசுப் பத்திரத்தில் போட்டிருந்த சாதாரண மனிதர்கள். அரசுதானே, பத்திரமாக இருக்கும் என்று நம்பிப் போட்டவர்கள். வங்கிகளுக்கு விழுந்த பள்ளத்தை நிரப்பத்தான் மேலே சொன்ன மறுமூலதனம் தேவைப்பட்டது, அதுவும் புதுக் கடன். ஓய்வூதிய நிதிகளுக்கு அப்படி யாரும் நிரப்பிக் கொடுக்கவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கியிடம் இருந்த பத்திரங்களுக்கு வெட்டு கிடையாது. வெளிநாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியான பத்திரங்களைப் பிடித்துக்கொண்டு ஒத்துழைக்க மறுத்தவர்களுக்கு அதே ஆண்டு மே மாதம் சுமார் 43.5 கோடி யூரோ முழுசாகக் கிடைத்தது. ஒத்துழைத்தவர்களுக்கு வெட்டு, மறுத்தவர்களுக்கு முழுத் தொகை. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கசப்பை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன்.

ஐ.எம்.எஃப்.-ல இருக்கறவங்க படிச்சவங்கதானே, இதெல்லாம் தெரியாமலா போச்சு?

தெரிந்திருந்தது. ஒரு நாட்டின் கடன் சமாளிக்கக்கூடியது என்பதற்கு வலுவான வாய்ப்பு இருந்தால்தான் இவ்வளவு பெரிய தொகை தரலாம் என்று ஐ.எம்.எஃப்.-க்கு ஒரு விதி இருந்தது. கிரீஸ் அந்தத் தேர்வில் தேறவில்லை. கடன் கொடுக்க மறுப்பதற்குப் பதிலாக, மற்ற நாடுகளுக்கும் பரவும் ஆபத்து இருந்தால் விலக்கு தரலாம் என்று 2010-ல் விதியை மாற்றினார்கள். அந்த விலக்கை 2016-ல் நீக்கினார்கள்.

2010 மே 9 அன்று நடந்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் பேசியது பின்னால் பத்திரிகையில் கசிந்தது. பிரேசிலின் பிரதிநிதி, இது கிரீஸைவிட அதற்குக் கடன் கொடுத்த தனியாரைக் காப்பாற்றும் திட்டமாகத்தான் ஆகும் என்று எச்சரித்திருந்தார். இந்தியாவின் பிரதிநிதி அர்விந்த் விர்மானி, நாணயக் கொள்கையின் துணை இல்லாமல் இந்த அளவு செலவுக் குறைப்பு இதுவரை எங்கும் நடந்ததில்லை, விலையும் வேலையும் வரி வருமானமும் ஒன்றையொன்று கீழே இழுத்துத் திட்டத்தையே கவிழ்த்துவிடலாம் என்றார். கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. ஜிடிபியில் கால் பங்கு காணாமல் போனது. 2013-ல் நூற்றில் 27 பேருக்கு வேலை இல்லை. இளைஞர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லை. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2012-ல் 751 யூரோவிலிருந்து 586-க்கு இறங்கியது.

2013-ல் ஐ.எம்.எஃப். தன் மறுமதிப்பீட்டு அறிக்கையில் குறிப்பிடத்தக்க தோல்விகள் இருந்ததாகவும், கடனை முன்பே குறைத்திருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டது. அரசுச் செலவை வெட்டினால் பொருளாதாரம் எவ்வளவு சுருங்கும் என்பதைக் குறைத்துக் கணக்கிட்டுவிட்டோம் என்று அதன் தலைமைப் பொருளாதார நிபுணர் ஒலிவியே ப்ளான்ஷார் ஓர் ஆய்வும் வெளியிட்டார். வெட்டிய சம்பளத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கிரேக்கர்கள் சோம்பேறிங்கன்னுதானே பேப்பர்ல எல்லாம் போட்டாங்க?

போட்டார்கள், அதுவும் பெரிய எழுத்தில். 2010 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஃபோகஸ் வார இதழ் வீனஸ் சிலை நடுவிரலைக் காட்டுவது போல அட்டை வெளியிட்டு, யூரோ குடும்பத்தில் மோசடிக்காரர்கள் என்று தலைப்பு வைத்தது. அதே ஆண்டு, ஜெர்மனியில் அதிகம் விற்கும் பில்ட் நாளிதழ் 'தீவுகளை விற்றுத் தொலையுங்கள், திவாலான கிரேக்கர்களே' என்ற பொருளில் எழுதியது. 2015-ல், பேராசைக் கிரேக்கர்களுக்கு இனி ஒரு காசும் வேண்டாம் என்று ஒரு பக்கத்தை அச்சடித்து, அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டுக்கொண்டது. 2011 மே மாதம் சான்சலர் ஏங்கலா மெர்க்கெலே ஒரு கூட்டத்தில், தெற்கு நாட்டுக்காரர்களுக்கு விடுமுறை அதிகம், சீக்கிரம் ஓய்வு பெறுகிறார்கள் என்ற பொருள்படப் பேசினார்.

வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் கணக்குப்படி அந்த ஆண்டுகளில் ஒரு கிரேக்கத் தொழிலாளி வருஷத்துக்கு 2,000 மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்தார். ஜெர்மன் தொழிலாளி சுமார் 1,400 மணி நேரம். உற்பத்தித் திறனில் கிரீஸ் பின்தங்கியிருந்தது உண்மைதான், ஆனால் அது முதலீடு, தொழில்நுட்பம், நிர்வாகம் சம்பந்தப்பட்ட பிரச்சினை. சோம்பல் என்ற கதைக்கு ஒரு பயன் இருந்தது. பணம் எங்கே போகிறது என்று ஜெர்மன் வாசகர் கேட்காமல் இருக்க அது உதவியது. அவருடைய வரிப்பணம் அவர் ஊர் வங்கிக்கே சுற்றி வருகிறது என்று அதே அளவு எழுத்தில் யாராவது போட்டிருந்தால், அவர் கோபம் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

கிரீஸ் நாட்டு சேனல்கள் சும்மாவா இருந்துச்சு?

அவற்றின் முதலாளிகள் யார் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். 1989-ல் தனியார் தொலைக்காட்சிக்கு அனுமதி கிடைத்தது. ஆன்டெனா, ஸ்காய் சேனல்கள் கப்பல் முதலாளிகளின் குடும்பங்களிடம். ஸ்டார் சேனல் எண்ணெய்த் தொழில் செய்யும் குடும்பத்திடம். மெகாவில் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்கள் எடுக்கும் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. அரசிடம் ஒப்பந்தம், வங்கியிடம் கடன், மக்களுக்குச் செய்தி மூன்றும் அதே சில குடும்பங்களின் கையில். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தச் சேனல்கள் நிரந்தர உரிமம் இல்லாமல் தற்காலிக அனுமதியிலேயே ஓடின. உரிமத்தை எந்த அரசும் எந்த நாளும் கேள்வி கேட்கலாம், சேனலும் எந்த அமைச்சரையும் எந்த நாளும் கேள்வி கேட்கலாம். ஆகவே இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தன.

லகார்டு பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சர்லாந்தில் எச்எஸ்பிசி வங்கியில் கணக்கு வைத்திருந்த கிரேக்கர்களின் பட்டியலை 2010-ல் அன்றைய பிரெஞ்சு நிதியமைச்சர் கிறிஸ்டின் லகார்டு ஏதென்ஸுக்குக் கொடுத்தார். ஓய்வூதியத்தை வெட்டிக்கொண்டிருந்த அரசு அந்தப் பட்டியலை இரண்டு வருஷம் தொடவே இல்லை. 2012 அக்டோபரில் கோஸ்டாஸ் வக்செவானிஸ் என்ற பத்திரிகையாளர் தன் 'ஹாட் டாக்' இதழில் 2,059 பெயர்களை வெளியிட்டார். கைதானது அவர்தான். நீதிமன்றம் அவரை விடுவித்தது, அரசுத் தரப்பு விடாமல் மறுவிசாரணை கேட்டது, மறுபடியும் விடுவித்தார்கள். பட்டியலைக் கையில் வைத்திருந்த முன்னாள் நிதியமைச்சர் பாப்பாகான்ஸ்டன்டினு, அதிலிருந்து சொந்தக்காரர்கள் பெயரை நீக்கிய வழக்கில் 2015-ல் ஓராண்டு நிறுத்திவைத்த தண்டனை பெற்றார்.

ஒரே ராத்திரியில அரசு டிவியையே மூடிட்டாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம். 2013 ஜூன் 11. மத்தியானம் அரசின் செய்தித் தொடர்பாளர் சிமோஸ் கெடிகோக்லு திரையில் வந்து, அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஈஆர்டி இன்றோடு மூடப்படுகிறது, அது வீண்செலவின் கூடாரம் என்றார். அவரே முன்பு அங்கு செய்தியாளராக வேலை பார்த்தவர். நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லை, கூட்டணிக் கட்சிகளின் சம்மதமும் இல்லை, ஓர் அரசாணை மட்டும்தான். இரவு பதினொரு மணிக்கு மேல், ஊழியர்கள் நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒளிபரப்புக் கோபுரத்தில் இணைப்பைத் துண்டித்தார்கள். நாடெங்கும் திரை கறுத்தது. சுமார் 2,700 பேருக்கு வேலை போனது. வானொலி, இசைக்குழு, பாடகர் குழு எல்லாம் அதோடு சேர்த்து.

ஊழியர்கள் கட்டடத்தை விட்டு வெளியேறவில்லை. இணையம் வழியாகவும், ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் உதவியோடும் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தார்கள். இசைக்குழுவினர் கண்ணீரோடு வாசித்த கடைசிக் கச்சேரியின் காணொளி உலகம் முழுக்கப் போனது. ஒளிபரப்பை மீண்டும் தொடங்கச் சொல்லி உச்ச நிர்வாக நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. கூட்டணியிலிருந்து ஒரு கட்சி விலகியது. நவம்பரில் கலவரத் தடுப்புப் போலீஸ் அதிகாலையில் நுழைந்து கட்டடத்தைக் காலி செய்தது.

ட்ரொய்கா மூடச் சொன்னதா என்றால், இந்த நிறுவனத்தை மூடு என்று சொல்லவில்லை. 2014 முடிவதற்குள் 15,000 அரசு ஊழியர்களை நீக்க வேண்டும் என்று எண்ணிக்கை கொடுத்திருந்தது. எங்கே வெட்டுவது என்பது அரசின் தேர்வு. ஈஆர்டியில் வீண்செலவும் கட்சி சிபாரிசு நியமனங்களும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அது கறுத்த இரவில், கிரேக்கர்களுக்குச் செய்தி சொல்ல மிஞ்சியவை முந்தைய பதிலில் சொன்ன தனியார் சேனல்கள்தான். கடன் நெருக்கடி ஒரு ஜனநாயகத்தை எந்த அளவுக்கு அரிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. 2015 ஜூன் 11 அன்று, இடதுசாரிக் கட்சியான சிரிசாவின் அரசு ஈஆர்டியை அதே பெயரில் மீண்டும் திறந்தது.

2015-ல மக்கள் 'வேண்டாம்'னு ஓட்டு போட்டாங்களே, அப்புறம் ஏன் கையெழுத்து போட்டாங்க?

ஜூலை 5 வாக்கெடுப்பில் 61.3 சதவீதம் பேர் ட்ரொய்காவின் நிபந்தனைகளுக்கு 'வேண்டாம்' என்றார்கள். அதற்கு முந்தைய வாரம் தனியார் சேனல்கள் பெரும்பாலும் 'வேண்டும்' பக்கமே பேசின. அது பலிக்கவில்லை. ஊடகம் நினைத்தால் எதையும் சாதிக்கும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதைப் பற்றிப் பேசாமல் விடுவது என்பதில் அவர்களுக்கு இருக்கும் பலம், எப்படி வாக்களிப்பது என்பதில் கிடையாது.

முடிவைத் தீர்மானித்தது முதல் கேள்விக்கான பதிலில் இருக்கும் விஷயம்: யூரோவை அச்சடிப்பது கிரீஸின் கையில் இல்லை. கிரேக்க வங்கிகள் ஐரோப்பிய மத்திய வங்கியின் அவசர நிதியில்தான் உயிரோடு இருந்தன. ஜூன் 28 அன்று அதன் உச்சவரம்பை ஏற்ற மறுத்தார்கள். மறுநாளிலிருந்து வங்கிகள் மூடல், ஏடிஎம்மில் நாளுக்கு 60 யூரோ. அட்டை இல்லாத ஓய்வூதியக்காரர்களுக்காகச் சில கிளைகளை மட்டும் திறந்து, பெயரின் முதல் எழுத்து வரிசைப்படி கூப்பிட்டு 120 யூரோ கொடுத்தார்கள். தெசலோனிகியில் ஒரு முதியவர் மனைவியின் ஓய்வூதியத்துக்காக ஒவ்வொரு வங்கியாக ஏறி இறங்கி, நாலாவது வங்கியிலும் கிடைக்காமல் வாசலில் உட்கார்ந்து அழுத படம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். யூரோவை விட்டு வெளியேறத் திட்டமும் துணிவும் இல்லாத பிரதமர் அலெக்ஸிஸ் சிப்ராஸ், ஜூலை 13 அன்று புதிய நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டார். மக்கள் நிராகரித்த நிபந்தனைகளைவிட இவை கடுமையானவை.

சொத்தையெல்லாம் வித்துட்டாங்களாமே?

எல்லாவற்றையும் அல்ல, முக்கியமானவை சிலவற்றை. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுக நிறுவனத்தின் 51 சதவீதம் 2016-ல் சீன அரசு நிறுவனமான காஸ்கோவுக்கு 28.05 கோடி யூரோவுக்குப் போனது, பிறகு 67 சதவீதம் ஆனது. 14 விமான நிலையங்கள் 40 வருஷக் குத்தகைக்கு ஜெர்மனியின் விமான நிலைய நிறுவனமான ஃபிராபோர்ட் தலைமையிலான கூட்டமைப்புக்குப் போயின. ஃபிராபோர்ட்டின் பெரும்பான்மைப் பங்கு ஹெஸ்ஸே மாநில அரசிடமும் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்திடமும் இருக்கிறது. ஆக, அரசு நிறுவனங்கள் திறமையற்றவை என்ற வாதத்தில் விற்ற சொத்து, இன்னொரு நாட்டின் அரசு நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தது.

இப்போ கிரீஸ் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. அப்போ மருந்து வேலை செஞ்சுதுதானே?

சில எண்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஐ.எம்.எஃப். கடனை 2022-லேயே முன்கூட்டி அடைத்துவிட்டார்கள். 2023-ல் அரசுப் பத்திரங்களுக்கு முதலீட்டுத் தரம், அதாவது நம்பி வாங்கலாம் என்ற மதிப்பீடு, திரும்பக் கிடைத்தது. 2020-ல் ஜிடிபியில் 200 சதவீதத்தைத் தாண்டிய கடன், 2024-ல் 150-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆனால் நெருக்கடி தொடங்கிய 2009-ல் அது சுமார் 127. நோய் வந்தபோது இருந்த அளவுக்கு இன்னும் இறங்கவில்லை. வாங்கும் சக்தியில் பார்த்தால் தலா வருமானம் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடைசி வரிசையில், பல்கேரியாவின் பக்கத்தில் நிற்கிறது. படித்த இளைஞர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள்.

ஊடகத்திலும் காயம் ஆறவில்லை. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2009-ல் 35-ஆவது இடத்தில் இருந்த கிரீஸ், 2022-ல் 108-ஆவது இடம், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே கடைசி. 2020-ல் கொரோனா விழிப்புணர்வு விளம்பரத்துக்கென்று அரசு ஊடகங்களுக்குக் கொடுத்த 2 கோடி யூரோவில், அரசை விமர்சிப்பவர்களுக்குக் கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வங்கிகளைப் பற்றித் துருவி எழுதிய தனாசிஸ் கூகாகிஸ் என்ற பத்திரிகையாளரின் கைபேசியில் பிரிடேட்டர் உளவு மென்பொருள் இருந்தது 2022-ல் வெளிவந்தது. அதே ஆண்டு உளவுத்துறைத் தலைவர் பதவி விலகினார்.

இலங்கைக்கு நடந்ததும் இதே கதைதானா?

பாதி. இலங்கைக்குச் சொந்த நாணயம் இருந்தது, ஆனால் வெளிக்கடன் டாலரில். அதனால் அதுவும் தன்னால் அச்சடிக்க முடியாத பணத்தில்தான் மாட்டியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ரூபாய் சரிந்தது, விலைவாசி ஏற்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் 70 சதவீதத்தை ஒட்டியது. கிரீஸில் சம்பளத்தை வெட்டிச் செய்ததை இங்கே விலைவாசி செய்தது. 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

கதை சொன்ன விதத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. வெளிநாட்டுப் பத்திரிகைகள் சீனக் கடன்பொறி என்றே எழுதிக்கொண்டிருந்தன. சீனாவின் பங்கு சின்னதல்ல, ஆனால் வெளிக்கடனில் பெரிய துண்டு சர்வதேசச் சந்தையில் விற்ற இறையாண்மைப் பத்திரங்கள், அதாவது அரசுப் பத்திரங்கள். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், 2023-ல் வங்கிகளை விட்டுவிட்டு ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளின் பத்திரங்களுக்கு வட்டியைக் குறைத்தார்கள். அந்த நிதியில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் வியர்வையும் இருக்கிறது. 2012-ல் கிரேக்க ஓய்வூதிய நிதிகளுக்கு நடந்ததை மேலே சொன்னேன், அதோடு சேர்த்துப் படியுங்கள்.

எல்லாரும் திருடங்கதான் சார். இதையெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும். எல்லாரும் திருடர்கள் என்றால் திருடாதவரைக் காப்பாற்ற யாரும் வர மாட்டார்கள். ஆன்ட்ரியாஸ் ஜியார்ஜியூ என்பவர் 2010-ல் கிரீஸின் புள்ளிவிவர அலுவலகத் தலைவரானார். 2009 பற்றாக்குறை 15 சதவீதத்துக்கும் மேல் என்று சரியான கணக்கை வெளியிட்டது அவர் காலத்தில்தான். ஐரோப்பியப் புள்ளிவிவர அமைப்பு அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. கணக்கை மறைத்தவர்கள் நிம்மதியாக இருக்க, அவர் மீது வழக்குக்கு மேல் வழக்கு. வெளியிடுவதற்கு முன் வாரியத்தில் வாக்கெடுப்பு நடத்தவில்லை என்று 2017-ல் அவருக்கு இரண்டாண்டு நிறுத்திவைத்த தண்டனை கொடுத்தார்கள். இடது, வலது இரண்டு தரப்பிலும் அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு. 'எல்லாம் பொய்க்கணக்கு' என்று சலித்துக்கொண்ட மக்களிடம் அந்தப் பழி சுலபமாகப் போய் ஒட்டியது.

மேலே சொன்ன கணக்குகள் நமக்குக் கிடைத்ததே யாரோ சிலர் உட்கார்ந்து எண்ணியதால்தான். நீச்சல் குளத்தை எண்ணிய வரித்துறை ஊழியர், பட்டியலை அச்சடித்த பத்திரிகையாளர், 970 கோடியைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள். சந்தேகப்படுங்கள், ஆனால் யார் மீது, எந்தத் தொகை பற்றி என்று சொல்லிச் சந்தேகப்படுங்கள்.

சரி, அந்தக் கடன் எப்போதான் முடியும்?

யூரோ நாடுகளின் மீட்பு அமைப்புகளிடம் வாங்கியதுதான் பெரிய பங்கு. அதன் தவணைகள் 2070 வரை போகின்றன. 2018-ல் நீட்டித்துக் கொடுத்த சலுகைப்படி, இரண்டாவது ஒப்பந்தக் கடனில் பெரும்பகுதிக்கு அசலும் வட்டியும் 2032 வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்த வட்டி தள்ளுபடி ஆகவில்லை, கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. கிரீஸ் மீண்டுவிட்டது என்று இப்போது எழுதுகிறவர்கள், 2033-ல் அந்தத் தவணைகள் தொடங்கும்போதும் எழுதுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.